தாடை

ஏப்ரல் 11
மூஞ்சில வர்ற பருவுக்காக ரத்தம் குடுத்தாச்சு. ஹார்மோன் டெஸ்ட்டுன்னா பீரியட்ஸ் வந்து ரெண்டாம் நாளோ மூணாம் நாளோதான் எடுக்கணுமாம்.

ஏப்ரல் 14
வருஷப் பிறப்பு. ஃபோட்டோ எடுக்கறப்ப சமையக்கட்டுக்குள்ள போயிட்டேன்.

ஏப்ரல் 16
டெஸ்டோஸ்டீரோன் நார்மல், தைராய்டு நார்மல், ஸ்கேன்ல நீர்க்கட்டியும் இல்ல. அப்புறம் முப்பத்தி நாலு வயசுல மூஞ்சி ஏன் இப்படின்னு கேட்டேன். ரத்தத்துல அளவு சரியாத்தான் இருக்கும், சில பேருக்கு தோல்ல இருக்கற எண்ணெய் சுரப்பி அந்த கொஞ்சத்துக்கே ஆடும்னு சொன்னாங்க டாக்டரம்மா. நெத்திய விட்டுட்டு தாடை, கழுத்துன்னு வர்றதும், பீரியட்ஸுக்கு முந்தின வாரம் கிளம்பறதும் அதோட அடையாளமாம். ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை 50 மி.கி., ராத்திரிக்கு அடாபலீன் ஜெல். தெரிய 3 மாசமாவது ஆகும். மெடிக்கல்ல "இது பிபி மாத்திரையாச்சே, உங்களுக்கா?"ன்னு அத்தனை பேர் முன்னாடி சத்தமா கேக்கறான்.

ஏப்ரல் 18
அத்தைக்கு எல்லாமே உடம்பு சூடுதான். இளநீ சீவி வெச்சிருக்காங்க. இந்த மாத்திரைக்கு பொட்டாசியம் ஏறும், தினமும் இளநீ வேணாம்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. என்ன மாத்திரைன்னு அத்தை கேட்டா? செடிக்கு ஊத்திட்டேன்.

ஏப்ரல் 27
ஜெல் போட்டு வாயோரம் உரியுது, ரசம் பட்டாக்கூட எரியுது.

மே 3
இடது தாடை. தலையே இல்லாத கட்டி, உள்ளுக்குள்ள, தொட்டா காது வரைக்கும் தெறிக்குது. காலண்டரப் பாத்தேன், தேதிக்கு இன்னும் நாலு நாள். கரெக்டா வந்துடும் சனியன். கிள்ளல. கை தானா அங்கயே போகுது.

மே 10
எதிர் வீட்டு அக்கா ஒரு ட்யூப் குடுத்தாங்க, ஒரே வாரத்துல பளபளன்னு ஆயிடுமாம். பொடி எழுத்துல பெட்டாமெத்தசோன்னு போட்டிருக்கு. ஸ்டீராய்டு. பளபளக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு செவந்து நிறுத்தினா இன்னும் மோசமா கிளம்பும். சிரிச்சுகிட்டே வாங்கி பீரோ மேல போட்டேன்.

மே 19
தூக்கம் வரல. இந்த மாத்திரை சாப்பிடறப்ப குழந்தை தங்கவே கூடாது, வயித்துல இருக்கறது பையன்னா அதோட வளர்ச்சிய பாதிக்கும், ஜெல்லும் ஆகாதுன்னு அன்னைக்கே டாக்டரம்மா அழுத்தி சொன்னாங்க. இங்க என்னடான்னா அத்தை "குட்டிக்கு அஞ்சு வயசாச்சு கண்ணு, தனியா விளையாடறா பாரு"ன்னு வாரத்துக்கு ஒரு தடவ, இவர் வாயத் தொறக்கறதில்ல ஆனா தொட்டில வித்துடலாம்னா மட்டும் வேணாங்கறார், எனக்கு அந்த கண்டிஷன கேட்டதும் பயம்தான வரணும், வரல, அப்பாடான்னு இருந்துச்சு, ஏதோ லீவ் லெட்டர் கெடச்ச மாதிரி. பருவுக்காகத்தான் போனேன். நெஜமாவே பருவுக்காகத்தான்.

மே 24
ராத்திரி ரெண்டு தடவ பாத்ரூம். மாத்திரைய காலைல மாத்தியாச்சு.

ஜூன் 12
100 ஆக்கிட்டாங்க. புதுசா வர்றது கொறஞ்சிருக்கு, கருப்புதான் நிக்குது, சன்ஸ்க்ரீன் போடலன்னா அது போகவே போகாதாம். இவர் கன்னத்த திருப்பிப் பாத்துட்டு "தெளிஞ்சுடுச்சே, ஆடி போனதும் நிறுத்திடலாம்ல?"ன்னாரு. சித்திரைல பொறக்கக் கூடாதுன்னு கணக்கு வேற போட்டு வெச்சிருக்கார். நிறுத்தினா திரும்ப வந்துடும்னு மட்டும் சொன்னேன்.

ஜூன் 13
அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல கேக்கணும்: எத்தன வருஷம் சாப்பிடலாம்.