"ரொம்ப நல்லாப் போகுதுங்க"

2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாள்களில் எங்கள் வீட்டில் பகலில் ஓடிக்கொண்டிருந்தது கைபேசியிலிருந்த பண்பலை வானொலி ஒன்றுதான். ஹெட்போன் வயரே ஏரியல் என்பதால் அதைச் செருகிவைத்துவிட்டு, எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்போம்.

அப்படியொரு பகலில் சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர் கோவை நிலையம் ஒன்றின் நேயர் நிகழ்ச்சிக்குப் பேசினார். தொகுப்பாளர் வெளியூர்ப் பெண் என்பதை, 'ங்க' ஒட்டாத அவருடைய பேச்சே காட்டிக்கொடுத்தது.

"தொழில் எப்படிப் போகுது சார்?"

"ரொம்ப நல்லாப் போகுதுங்கம்மிணி. தறி ஓட்டற தொல்லையே இல்லீங்க, பகலெல்லாம் நல்ல தூக்கமுங்க."

"சூப்பர் சார்! ஜாலியா இருக்கீங்க!"

இரண்டு விநாடி ஓசையே இல்லை. வானொலியில் அது நெடுநேரம். பிறகு அவரே, "ஆமாங்கம்மிணி, பாட்டைப் போடுங்க" என்று விட்டுக்கொடுத்தார்.

இலக்கணம் இதை வஞ்சப்புகழ்ச்சி என்கிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவ்வையார் பாடியபோது, எது புகழ் எது இகழ் என்பதைக் கேட்பவனின் அறிவுக்கே விட்டுவிட்டார். ஆனால் அவன் எதிரில் இருந்தான், வானொலியில் முகமில்லை. கொங்குத் தமிழில் 'ங்க' உண்மையான மரியாதையும்கூட என்பதால் அதை மட்டும் வைத்துக் குசும்பைக் கண்டுபிடிக்க முடியாது. 'தூக்கமுங்க' என்பதில் அந்த 'மு' எவ்வளவு இழுபடுகிறது என்பதில்தான் சூட்சுமம். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லாத நிலையில், தறிக்காரர்களின் மின்வெட்டு அந்த இழுப்பின் வழியாகத்தான் அன்று காற்றில் ஏறியது என்பது என் எண்ணம்.

அவர் அந்தப் பெண்ணைக் கேலி செய்ததாக நான் நினைக்கவில்லை. வேற்றாளிடம் எங்கள் பக்கத்தில் யாரும் குசும்பு பேசமாட்டார்கள். 'அம்மிணி' என்று அழைத்தபோதே அவரை வீட்டுப் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். அழைப்பு புரியாமல் வாசலிலேயே நின்றவர் அந்தப் பெண்தான்.

சில மாதம் கழித்துப் பல்லடத்திலிருந்து ஒருவர் அதே தொகுப்பாளரிடம், "நேத்துப் போட்ட பாட்டு அருமைங்க, பாதியிலயே தூங்கிப் போயிட்டனுங்க" என்றார்.

"பரவால்லீங்கண்ணா, மீதிப் பாட்டை ஊட்டுக்கே அனுப்பி உடறனுங்க."