செவலைக் குட்டியின் குளம்பு: வெட்டு நல்ல வெட்டா என்று பார்த்த கதை

கொடுங்கையூரில் எங்கள் கொட்டகையில் வளரும் செவலைப் பெண் குதிரைக்குட்டிக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. இன்னும் லாடம் அடிக்கவில்லை. குளம்பை வெட்டி, அரம் போட்டு விடுவதோடு சரி. இந்த மழைக்காலத்தில் நான் விடாமல் கவனித்தது ஒன்றைத்தான்: வெட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

வெட்டி முடித்ததும் அடிப்பாதம் வெள்ளை வெளேரென்று இருந்தால் நல்ல வேலை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெள்ளை தெரியும்வரை சீவினால் அடிப்பாதம் மெலிந்து, சரளைக்கல்லில் கால் வைக்கவே குட்டி தயங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது; அமுங்கினால் அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல இருக்கும் ஃப்ராக்கில் தொங்கும் கிழிசலை மட்டும் எடுத்தால் போதும். வெளிச்சுவரை மேலிருந்து கீழ்வரை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குவதையும் நான் விரும்புவதில்லை. குளம்பின் ஈரத்தைக் காக்கும் மேல்படலம் அதோடு போய்விடுகிறது.

நான் பார்க்கும் விதம் இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. சமமான சிமெண்டுத் தரையில், முன்னங்கால் நேர்குத்தாக இருக்கும்படி குட்டியை நிறுத்துகிறேன். போனைத் தரையிலேயே வைத்துப் பக்கவாட்டில் படம் எடுக்கிறேன். கணு மூட்டிலிருந்து குளம்பு வரை சரிந்து இறங்கும் பகுதியை பாஸ்டர்ன் என்பார்கள். அதன் சரிவும் குளம்பின் முன்சுவர்ச் சரிவும் ஒரே கோடாக ஓட வேண்டும். முனை நீண்டிருந்தால் அந்தக் கோடு குளம்பின் மேல்விளிம்பில் பின்பக்கமாக உடைந்து தெரியும். குதிகாலும் முன்னோக்கி ஓடி, அடியில் மடங்கிவிடும். அப்படி இருந்தால் ஒவ்வொரு அடியிலும் குளம்பு தரையை விட்டு எழத் தாமதமாகி, பின்பக்க நரம்பு இழுபடும். நரம்பு என்று நாங்கள் சொல்வது தசைநாரைத்தான்.

முன்னால் நின்று பார்த்தால், மயிர் முடியும் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். காலைத் தூக்கிப் பார்க்கும்போது குளம்பின் அகலமான இடத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய சம அளவு இருப்பது நல்லது. சுவரும் அடிப்பாதமும் சேரும் வெள்ளைக் கோடு இறுக்கமாக இருக்க வேண்டும். விரிந்து அழுக்கு புகுந்திருந்தால், சுவர் வெளியே இழுபடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

குட்டி என்பதால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இவளுக்கு முன்னங்கால் இரண்டும் லேசாக வெளியே திரும்பியிருக்கும். ஒரு பக்கம் அதிகமாக வெட்டி நேராக்கலாம் என்று பக்கத்துக் கொட்டகையில் யோசனை சொன்னார்கள். எங்களுக்கு லாட வேலை பார்க்கும் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “கால் அது இஷ்டத்துக்குத்தான் தம்பி நிக்கும். நான் சமமா வெட்டுறேன், அது போதும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. கணு மூட்டை ஒட்டிய எலும்பு முதல் சில மாதங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுகிறது. முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், இரண்டு வயது வரைக்கும் திறந்திருக்கும். கணுவில் திருத்த வேண்டிய காலம் போன பிறகு ஒரு பக்கமாக வெட்டினால், எலும்பு நேராகாது. மூட்டில்தான் சுமை கூடும்.

வெட்டின அன்றைக்கே தீர்ப்பு சொல்வதை நிறுத்திவிட்டேன். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வரை வளரும், குட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக. அதனால் மயிர் விளிம்புக்குக் கீழே புதிதாக இறங்கும் பட்டையைத்தான் பார்க்கிறேன். முன்னிடது காலில் அந்தப் பட்டை இப்போது பழைய சுவரைவிடச் செங்குத்தாக வருகிறது, கீழே இருந்த விரிவும் குறைந்திருக்கிறது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததன் பலன் அது.

மழையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றால் சீக்கிரம் வடியாது. ஈரத்தில் நிற்கும் குதிரைக்கு ஃப்ராக் ஓரப் பள்ளங்களில் கறுப்பாக, நாற்றத்தோடு அழுகல் பிடிக்கும். அது வந்துவிட்டால் குட்டி குதிகாலை ஊன்றாமல் முனையிலேயே நடக்கும். எவ்வளவு நல்ல வெட்டும் வீண். தரையை மேடாக்கி மணல் போட்டோம். தினமும் கொக்கியால் பள்ளங்களைச் சுத்தம் செய்கிறோம்.

இப்போதைக்குப் பின்வலது கால்தான் பாக்கி. நடக்கும்போது அதன் வெளி விளிம்பு முதலில் தரையைத் தொடுகிறது, காதிலேயே கேட்கிறது. அடுத்த வெட்டுக்கு முன்னும் பின்னும் அந்தக் காலை வீடியோ எடுத்து பாயிடம் காட்டப்போகிறேன். இரண்டு வெட்டுக்கு அப்புறமும் அப்படியே இருந்தால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எலும்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு கத்தி வைக்கச் சொல்வேன்.