பட்டாவுக்குள் நின்ற புளியமரத்தை வெட்டிவிட்டார்கள்: விறகு விலையிலிருந்து மரத்தின் விலை வரை

பக்கத்து நிலத்துக்காரர் கம்பிவேலி போட ஆள் விட்டார். வேலையை எடுத்தவர் எல்லைக்கல்லைத் தேடவில்லை. பழைய வரப்பையே எல்லை என்று வைத்துக்கொண்டு, குறுக்கே நின்றதையெல்லாம் சாய்த்துவிட்டார். அதில் ஒன்று எங்கள் பட்டாவுக்குள் நின்ற, வருஷா வருஷம் குத்தகைக்குப் போகிற புளியமரம். "தெரியாம நடந்துபோச்சு, விறகு விலையைக் கொடுத்துடுறோம்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவும் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தை எந்த அலுவலகம் தரும் என்பது அந்தந்த அலுவலகத்துக்கே தெரிவதில்லை. பணம் வந்துவிட்டது, எரிச்சல் போகவில்லை. பட்டா, சிட்டா என்ற நில உரிமைப் பதிவுகளும் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடமும் என்னவென்று தெரிந்தவர்களுக்காக எழுதுவதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும். "இடைஞ்சலா கிடக்கு, எடுத்துடுறோம்" என்று லாரியும் பொக்லைனும் உடனே வந்துவிடும். அடிமரமும் வேர்க்கட்டையும் போய்விட்டால் மதிப்பு போட வருகிறவர் வெறும் குழியைப் பார்த்து வாயில் வந்த எண்ணை எழுதுவார். வேர்க்கட்டையைத் தொடவே கூடாது என்று எதிர்த்தரப்புக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள்.

அளப்பதில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. வனத்துறைக்காரர்கள் கேட்பது நெஞ்சுயரச் சுற்றளவு, அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் உள்ள சுற்றளவு. வெட்டின கட்டையின் மேல்விளிம்பில் டேப்பைச் சுற்றி அளந்து கொடுத்தால், அடிப்பகுதி விரிந்திருப்பதால் எண் பெரிதாக வரும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் உடைப்பது அதைத்தான். தரையில் நிற்கும் கட்டையின் உயரம் 30 சென்டிமீட்டர் என்றால், சாய்ந்து கிடக்கும் அடிமரத்தில் வெட்டுவாயிலிருந்து 107 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். அதுதான் நின்ற மரத்தின் 1.37 மீட்டர். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பில் எண் தெரிகிற மாதிரி ஒரு படம், முழு மரமும் தெரிகிற மாதிரி ஒரு படம். இடமும் நேரமும் படத்திலேயே பதிகிற கேமரா ஆப் இருந்தால் நல்லது. படங்கள் நீதிமன்றத்துக்குப் போகுமானால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வைக்க வேண்டும். படம் எடுத்த போனைத் தொலைத்துவிடாதீர்கள், மாற்றியும் விடாதீர்கள்.

வளையத்தை எண்ணி வயது சொல்கிறேன் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தேக்குக்கு அது ஓரளவு சரிப்படும், புளிக்கும் மாவுக்கும் வளையம் தெளிவாக இருக்காது. வயதுக்குப் பழைய அடங்கல் (வி.ஏ.ஓ. எழுதும் பயிர்க்கணக்கு) பதிவு, பாகப்பத்திரத்தில் மரத்தைப் பற்றி வரும் வரி, பழைய செயற்கைக்கோள் படம் இவைதான் பிடி.

சர்வே அடுத்தது. மனு போட்டு, பணம் கட்டி, சர்வேயர் வருகிறவரை எல்லாம் வழக்கம்போலத்தான். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சர்வேயர் எல்லையைக் காட்டிக் கல் நட்டுவிட்டுப் போய்விடுவார், மரத்தைக் குறிக்க மாட்டார். "மரம் எங்க வேலை இல்லீங்க" என்பார். எல்லைக்கோட்டிலிருந்து வேர்க்கட்டையின் நடுப்பகுதி இத்தனை மீட்டர் உள்ளே என்று வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வி.ஏ.ஓ.வும் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரும் நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மகஜராவது வேண்டும். இது இல்லாததால்தான் எங்களுக்கு இரண்டாவது சர்வேக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. புறம்போக்கில் நின்ற மரம் என்றால் கதையே வேறு. 2சி பட்டா இருந்தால் மகசூலுக்கு மட்டும்தான் உரிமை, மரம் அரசுடையது.

போலீஸ் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 324-வது பிரிவு சொத்துச் சேதத்தைப் பற்றியது. நஷ்டம் 20,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் என்றால் ஓர் உட்பிரிவு, லட்சமும் அதற்கு மேலும் என்றால் இன்னொன்று, தண்டனையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் தெரிந்தே சேதம் செய்திருந்தால்தான் அந்தப் பிரிவு. உண்மையிலேயே எல்லை தெரியாமல் வெட்டினால் அது சிவில் விவகாரம் என்று இன்ஸ்பெக்டர் சொல்வது தப்பில்லை. அப்படியானால் எதற்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? சி.எஸ்.ஆர். ரசீதுக்காக, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீதுக்காக. சம்பவம் நடந்த தேதிக்கு அதுதான் சாட்சி. புகாரில் நஷ்டத் தொகையை நீங்களே எழுதுங்கள், "மதிப்பீட்டுக்கு உட்பட்டது" என்று சேர்த்து. விட்டால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் தானாக ஒரு சின்னத் தொகையை எழுதிவிடுவார், பிறகு எல்லாக் காகிதத்திலும் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

இனிமேல்தான் மதிப்பீடு, வெறும் அலைச்சல். வனத்துறை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், போனோம். அவர்களுக்கு மரம் என்றால் கட்டைதான். கால் சுற்றளவுக் கணக்கு போடுவார்கள்: நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 12 அடி என்றால் 15 பெருக்கல் 15 பெருக்கல் 12, அதை 144-ஆல் வகுத்தால் 18.75 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 23.9 கன அடி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடுகிறது. பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் வியாபாரப் பழக்கம் அது. தேக்கோ வேம்போ என்றால் இந்தக் கணக்கும் அந்த மாவட்டத்து மர விலையும் போதும், வேலை அங்கேயே முடிந்துவிடும். புளிக்கு இது வெட்டிவேலை. முழு மரத்தையும் விறகாக எடை போட்டு எழுதிக்கொடுத்தார்கள். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளிய அடிமரத்தைத்தான் தேடி வாங்குவார்கள், அதற்கு விலை தனி என்று சொன்னதும் "அது எங்க ரேட் லிஸ்ட்ல இல்ல" என்று பதில். எதிர்த்தரப்பு அந்தச் சான்றை உடனே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டது. அவர்கள் சொன்ன விறகு விலைக்கே அரசு முத்திரை கிடைத்துவிட்டது அல்லவா! பழ மரத்துக்கு வனத்துறைச் சான்று கேட்டே போகாதீர்கள்.

போக வேண்டிய இடம் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். புளி, மா, பலா எல்லாம் அங்கே. தென்னை என்றால் வேளாண்துறை. ஆனால் அங்கே ஒரு சுவர் இருக்கிறது. "தனியாருக்கு நாங்க மதிப்பு போடுறதில்ல சார், தாசில்தார்கிட்ட இருந்து லெட்டர் வரணும்." தாசில்தார் அலுவலகத்தில் கேட்டால், "நில எடுப்பு கேஸா? இல்லையா? அப்ப எங்களுக்குச் சம்பந்தமில்லை." இரண்டு பேர் சொல்வதிலும் அவரவர் நியாயம் உண்டு. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 29-வது பிரிவில், மரங்களின் மதிப்புக்கு வேளாண்மை, வனவியல், தோட்டக்கலை அனுபவம் உள்ளவர்களைக் கலெக்டர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் மதிப்பீடு நடக்கிறது, தனியார் தகராறுக்கு அப்படி ஒரு வழி போட்டு வைக்கவில்லை. எங்களுக்குக் கடைசியில் திறந்தது ஸ்டேஷன் வழி. சி.எஸ்.ஆர். எண்ணைப் போட்டு, மதிப்பீடு கேட்டு இன்ஸ்பெக்டர் எழுதின கடிதம் போனதும் அதே அலுவலகத்தில் அதே குமாஸ்தா ஃபைல் போட்டார். அதுவும் கிடைக்காதவர்களுக்கு நீதிமன்ற வழி. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26 ரூல் 9-இல் வக்கீல் கமிஷனர் (நீதிமன்றத்துக்காக இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தருகிற வக்கீல்) நியமிக்கலாம், நஷ்டத் தொகையைக் கண்டறியவே நியமிக்கலாம் என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. கமிஷனருடன் தோட்டக்கலை அதிகாரியும் வர வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கமிஷனர் தனியாக வந்து கட்டையை எண்ணிவிட்டுப் போவார்.

சான்று வந்தது. அதிலும் ஒரு ஓட்டை. ஒரு மரத்து மகசூலின் விற்பனை மதிப்பில் பறிகூலி, சுமைகூலி, பராமரிப்பு என்று கழித்து வருஷ நிகர வருமானம் காட்ட வேண்டும், அது சரி. ஆனால் நாங்கள் கொடுத்திருந்தது குத்தகைத் தொகை. மரத்தைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிதான் ஆள் வைத்து உலுக்குகிறார், பொறுக்குகிறார், வண்டி வைத்து எடுத்துப்போகிறார். நம் கைக்கு வருவது ஏற்கெனவே நிகரம். அதில் மறுபடி கூலியைக் கழித்திருந்தார்கள்! திருத்தி வாங்க உதவி இயக்குநரையே பார்க்க வேண்டியிருந்தது. குத்தகைத் தொகையும் முழு விற்பனைத் தொகையும் வேறு வேறு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்ததும் அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். மனுவிலேயே "இது குத்தகைத் தொகை, அறுவடைச் செலவு குத்தகைதாரருடையது" என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

புளி ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் சுணங்கும். கடைசி நல்ல வருஷத்தை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள், மோசமான வருஷத்தை மட்டும் அவர்கள் காட்டுவார்கள். நாலு வருஷச் சராசரி எடுங்கள். கணக்கு எப்படிப் போகும் என்பதற்காக எண்களை வைத்துச் சொல்கிறேன்: 7,500, 4,000, 8,000, 4,500 என்று குத்தகை வந்திருந்தால் சராசரி 6,000. இதை எத்தனை வருஷத்தால் பெருக்குவது என்பதில்தான் சண்டையே. 1995-இல் ஹரியானா நில எடுப்பு வழக்கு ஒன்றில், மகசூலை வைத்து மதிப்பு போட்டால் 8 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் 48,000. நாங்கள் இன்னொரு வழியிலும் போட்டுக் காட்டினோம். புதிதாக நட்டால் விதைக்கன்று காய்ப்புக்கு வர 8, 10 வருஷம் ஆகும். ஒட்டுக்கன்று நாலாவது வருஷம் காய்க்கத் தொடங்கும், ஆனால் பழைய மரத்தின் அளவுக்கு வர அதற்கும் பல வருஷம். இடைப்பட்ட வருமான இழப்போடு குழி, கன்று, தண்ணீர்ச் செலவைச் சேர்த்தாலும் அதே சுற்றுவட்டாரத்துக்குத்தான் வருகிறது. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தாங்கினதால் எதிர்த்தரப்பு 8 மடங்கைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதை விட்டுவிட்டது.

குத்தகை வாய்ப்பேச்சாகத்தான் நடக்கும், ரசீது இருக்காது. வியாபாரி ஜிபேயில் அனுப்பின வருஷங்கள் தப்பித்தன. மற்ற வருஷங்களுக்கு அவரிடம் எழுதி வாங்கினோம், எதிர்த்தரப்பு "உங்க ஆளுதானே" என்றது. இங்கே கை கொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். சாலையோரப் புளியமர மகசூலை ஏலம் விடுவார்கள் இல்லையா? நம் பக்கத்துச் சாலையில் எத்தனை மரம், ஏலம் எவ்வளவு போனது என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கூடவே, அந்த மாவட்டத்தில் சாலை அகலப்படுத்தும்போது தனியார் புளியமரங்களுக்குக் கொடுத்த இழப்பீட்டுப் பட்டியலையும் கேளுங்கள். இந்த இரண்டு காகிதமும் மேஜையில் வந்த பிறகுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் குரல் இறங்கியது. ஏலத் தொகையை மரக்கணக்கால் அப்படியே வகுக்காதீர்கள், பட்டுப்போன மரமும் காய்க்காத மரமும் அந்த எண்ணிக்கையில் இருக்கும், சராசரி குறைந்துவிடும். அந்த இழப்பீட்டுப் பட்டியலில் மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தரும் நூறு சதவீத ஆறுதல் தொகையையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அது அரசு நிலம் எடுக்கும்போது மட்டும்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், அதில் அதிகம் வந்தது 74,500 ரூபாய்க் கணக்கு. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, மரத்தின் வயதை 74,500-ஆல் பெருக்கச் சொன்னதாக 2021 பிப்ரவரியில் செய்திகளில் வந்தது. அதில் 45,000 ஆக்சிஜனுக்கு மட்டும். மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக மரம் வெட்டும் வழக்கில் வந்த அறிக்கை அது. நீதிமன்றம் அதை விதியாக்கவில்லை, அடுத்த மாதமே வேறொரு குழுவை அமைத்தது. அறுபது வயதுப் புளியமரத்துக்கு அந்தக் கணக்கில் 44,70,000 ரூபாய் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பணவழக்குக்குக் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம் என்று வைத்தால் 1,34,100 ரூபாயை முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அப்புறம் ஜட்ஜ் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

நோட்டீஸை நிலத்துக்காரர், வேலை எடுத்தவர் இருவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கை காட்டுவார். அத்துமீறி நுழைந்ததற்கான நஷ்ட ஈட்டு வழக்குக்குக் காலவரம்பு 3 வருஷம். "அறுவடை முடியட்டும், பேசிக்கலாம்" என்று இழுக்கிறவர்களிடம் தேதியைக் குறித்து வையுங்கள்.

பேச்சுவார்த்தையில் கடைசியாக வந்த மல்லுக்கட்டு வேர்க்கட்டையில். அதற்குள் கட்டையில் கொழுந்து விட்டிருந்தது. புளி வெட்டினாலும் தழைக்கிற மரம். "மரம் சாகலியே, மறுபடி வருதே" என்று தொகையில் பாதியைக் குறைக்கப் பார்த்தார்கள். அடிக்கட்டையில் வரும் கிளை காய்ப்புக்கு வருவதற்கு ஆகும் வருஷங்களையும், அந்தக் கிளை பலத்த காற்றில் கட்டையோடு பிய்ந்து விழும் என்பதையும் தோட்டக்கலை அதிகாரி அதே சான்றின் கீழே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. சமாதானப் பத்திரத்தில் நஷ்ட ஈடு, வேர்க்கட்டை எடுக்கும் செலவு, இரண்டு சர்வேக்கும் கட்டின பணம் மூன்றையும் தனித்தனி வரியாகப் போட வைத்தோம். அவர்கள் எடுத்துப்போன விறகும் அடிமரமும் அவர்களுக்கே என்பதால் அதைக் கழிக்கவில்லை. நீங்கள் வைத்துக்கொண்டால் அந்த விலை கழியும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்தைக் காசோலை வங்கியில் பாஸ் ஆன பிறகுதான் போட்டோம்.