ஆதாம் விழாமல் இருந்திருந்தால்?

மறைக்கல்வி வகுப்பில் நம் மனத்தில் பதிந்த வரிசை இதுதான்: ஆதாம் பாவம் செய்தான், அந்த ஜென்மப் பாவம் நம் எல்லாருக்கும் வந்தது, அதைப் போக்க இறைமகன் மனிதரானார். சரி, ஆதாம் பாவமே செய்யாமல் இருந்திருந்தால் கிறிஸ்து வந்திருப்பாரா?

புனித தோமா அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் தம் 'சும்மா தியோலஜிக்கா' என்ற இறையியல் நூலின் மூன்றாம் பகுதியை ஆரம்பித்த கையோடு இதைக் கேட்கிறார். கடவுள் தாமாக மனமுவந்து செய்வது எதுவென்று விவிலியம் சொன்னால்தான் நமக்குத் தெரியும், அது எங்கும் பாவத்தைத்தான் காரணமாகக் காட்டுகிறது, ஆகவே பாவம் இல்லையென்றால் வந்திருக்கமாட்டார் என்பதே பொருத்தம் என்கிறார். பாவம் இல்லாமலும் கடவுளால் மனிதராகியிருக்க முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1308இல் கொலோன் நகரில் இறந்த பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோத்துஸ் இதை ஏற்கவில்லை. எனக்கு அவர் பக்கம்தான் மனம் போகிறது. அவர் வாதம் இது: ஒழுங்காகத் திட்டமிடுகிறவர் முதலில் முடிவை விரும்புவார், அதற்கான வழிகளை அப்புறம்தான் பார்ப்பார். கடவுளின் செயல்களிலேயே மிகப் பெரியது கிறிஸ்து என்றால், அவரை ஒருவனுடைய தவற்றால் நேர்ந்த ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது? அப்படியென்றால் ஆதாம் விழுந்ததற்காக நாம் சந்தோஷப்பட வேண்டிவரும், பிறர் வீழ்ச்சியில் மகிழ்வது அன்பாகுமா என்கிறார். இந்த இடத்தில் எனக்கு மறுபேச்சு வரவில்லை. கொலோசையர் முதல் அதிகாரத்தில் பவுல், அனைத்தும் கிறிஸ்து வழியாய், கிறிஸ்துவுக்காகவே படைக்கப்பட்டன என்கிறாரே, அதை வேறு எப்படி வாசிப்பது?

இதனால் சிலுவை சிறிதாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆகாது. பாவம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார், ஆனால் துன்பப்படும் உடலோடு வந்திருக்கமாட்டார் என்பதே ஸ்கோத்துஸ் வழியினரின் பதில். எப்படியும் வரவிருந்தவர் நம் பாவத்தைப் பார்த்த பிறகும் பின்வாங்காமல் சாவை ஏற்றுக்கொண்டார் என்றால், எனக்கு அந்த அன்பு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது.

திருச்சபை இதில் இறுதித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, இரண்டு கருத்தையும் கத்தோலிக்கர் கொள்ளலாம். தோமா பக்கம் இருப்பவர்கள் பாஸ்கா புகழுரையை நீட்டுவார்கள்: உயிர்ப்பு இரவில் திருச்சபையே ஆதாமின் குற்றத்தைப் பாக்கியமான குற்றம் என்று பாடுகிறதே! பலமான வாதம்தான். ஆனால் அந்த வரி, இத்தகைய மீட்பரை நமக்குப் பெற்றுத்தந்த குற்றம் என்றுதான் சொல்கிறது. மீட்பராக வந்ததற்குப் பாவம் காரணம், சந்தேகமில்லை. மனிதராக வந்ததற்கே அதுதான் காரணமா என்பதைப் பற்றி அந்தப் பாடல் ஒன்றும் சொல்லவில்லை.