"முடியாது" என்றேன்

"அன்றைக்கே தாக்கல் செய்திருக்க முடியாதா, சார்?"

"முடியாது."

பேச்சு அதோடு முடிந்தது. கேட்டவர் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்த மாணவி. பதில் சொன்னவன் நான். குற்றம் சாட்டும் தொனி அவர் குரலில் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையில் இருந்த கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்லிவிட்டேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. காப்புரிமைப் பிரிவில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரிடம் "முடியாது" என்று சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் மறந்துபோயின. இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அவர் முதலில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை மாநாடு. போஸ்டரை அச்சடித்து, சுருட்டிக் குழாயில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "உங்களிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகும்படி நெறியாளர் சொன்னார்" என்றார். என் மேசையில் விரித்தோம். மறுபடி மறுபடி சுருண்டதால் ஒரு மூலையில் ஸ்டேப்ளரையும் எதிர்மூலையில் தண்ணீர் பாட்டிலையும் வைத்தோம். நான்கு கட்டங்கள். முதல் இரண்டும் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதைப் படித்ததும் என் உள்ளங்கை தானாகப் போய் அதை மூடியது.

நீரை வடிகட்டும் சவ்வு ஒன்றின் மேல் பூசும் கரைசலைப் பற்றிய ஆய்வு அது. அதில் இரண்டு உப்புகள். எல்லோரும் முதலில் சேர்ப்பதை இவர் கடைசியில் சேர்த்திருந்தார். சவ்வின் நுண்துளைகள் அடைபடாமல் நின்றுவிட்டன. கண்டுபிடிப்பு என்று பார்த்தால் அந்த வரிசை மாற்றம்தான். அது அத்தனை எளிமையாக இருந்ததே என் கவலை. துறை தெரிந்த ஒருவர் அந்தக் கட்டத்தின் முன் அரை நிமிடம் நின்றால் போதும். தம் ஆய்வகத்துக்குத் திரும்பிய மறுநாளே செய்து பார்த்துவிடுவார்.

"மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தில் இந்த வரிசையை எழுதியிருக்கிறீர்களா?"

"இல்லை சார். துளைகள் அடைபடவில்லை என்ற முடிவை மட்டும்தான் எழுதினேன்."

எனக்கு மூச்சு வந்தது. செய்முறையைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லும் சுருக்கம் பொதுவாகக் காப்புரிமைக்குத் தேவையான புதுமையைக் கெடுப்பதில்லை. போஸ்டர் கெடுக்கும். இரண்டு நாளில் கழற்றிவிடப் போகிறோம், நகல் யாருக்கும் தரப்போவதில்லை, அதனால் என்ன வந்துவிடும் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. 1998இல் அமெரிக்காவில் தானிய வேதியியலாளர்களின் கூட்டம் ஒன்றில் சோயா நார் பற்றிய போஸ்டர் ஒன்று இரண்டரை நாள் நின்றது. அதன் நகல் யாருக்கும் தரப்படவில்லை. எந்த நூலகத்திலும் அது சேரவில்லை. அந்த ஆய்வாளர்கள் 2000இல் விண்ணப்பித்தபோது, காட்சிக்கு வைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்று சொல்லி காப்புரிமை அலுவலகம் அந்த போஸ்டரையே அவர்களுக்கு எதிராக வைத்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை அச்சில் வெளியானதாகவே கருதியது. ஐரோப்பாவில் அந்த ஓராண்டுச் சலுகையும் கிடையாது. தாக்கல் தேதிக்கு முன் எழுத்தாலோ பேச்சாலோ வேறு எந்த வழியிலோ வெளியே போய்விட்டால் அது பழையது. வெளியே சொன்னவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் பழையதுதான். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அதில் ஒரு சொல்லும் தவறில்லை. இன்று ஒருவர் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

"எத்தனை நாள் பொறுக்க வேண்டும், சார்?"

"இரண்டு வாரம்."

போஸ்டரை மறுபடி அச்சடிக்க நேரம் இல்லை. என் அச்சுப்பொறியிலிருந்து நான்கு வெள்ளைத்தாள்களை எடுத்து, மூன்றாம் கட்டம் முழுதும் மறையும்படி ஒட்டினோம். டேப்பில் குமிழ் விழுந்த இடங்களை அவர் நகத்தால் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தார். வெளிச்சத்தில் எழுத்து தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். தெரிந்தது. இன்னொரு அடுக்கு ஒட்டினோம்.

மாநாட்டில் வந்தவர்கள் எல்லோரும் தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்களாம். இப்போது சொல்ல இயலாது என்று பதில் சொல்லிச் சொல்லி, இரண்டாம் நாள் மாலை நேரம் முடியும் முன்பே போஸ்டரைச் சுருட்டிவிட்டாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்னொரு நாள் வேறு பேச்சுக்கு நடுவில் அவருடைய நெறியாளர் சொன்னார்.

நான் சொன்ன இரண்டு வாரம் ஏழு வாரமானது. கண்டுபிடிப்பாளர்களாக யார் யார் பெயரைப் போடுவது என்பதில் ஒன்பது நாள் போனது. படிவத்தில் கையெழுத்திட வேண்டிய ஒருவர் வெளியூரில் இருந்தார். தாக்கலுக்கு ஒப்புதல் தரும் குழு மாதம் ஒருமுறைதான் கூடும். அந்த மாதக் கூட்டம் மாணவி வந்ததற்கு முந்தைய புதன்கிழமையே முடிந்திருந்தது. முன்பே வெளியானவற்றைத் தேடிப் பார்த்த அறிக்கை வந்து, வழக்கறிஞர் கேட்ட விளக்கங்களும் போய்ச் சேர வேண்டியிருந்தது. யாரும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு காகிதமும் போக வேண்டிய மேசைக்குத்தான் போயிற்று.

முப்பத்தெட்டாம் நாள் அவர் மறுபடி வந்தார். கையில் ஒரு ப்ரீப்ரின்ட்டின், அதாவது ஆய்விதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் கட்டுரையின், அச்சுப்பிரதி. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்திக்கு அடியில் பென்சில் கோடு. அதே இரண்டு உப்புகள், அதே வரிசை. வேறொரு கண்டத்தில் இருக்கும் குழு. மாநாட்டில் எங்கேயாவது வாய் தவறியிருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அவர்கள் கொடுத்திருந்த தரவுகளே பல மாத உழைப்பைக் காட்டின. தாமாகவேதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முழு விண்ணப்பத்துக்கு முன்பே தேதியைப் பிடிப்பதற்காக அவசரத்தில் எழுதும் தற்காலிக விண்ணப்பம் காப்பாற்றும் என்று நம்பி மோசம் போனவர்கள் இருக்கிறார்கள். பாறையைத் துளைக்கும் கருவி ஒன்றைப் பற்றிய வழக்கு 2002இல் அமெரிக்காவில் முடிந்தது. துளைமுனை எந்தக் கோணத்தில் அமைகிறது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் உயிர். முதலில் கொடுத்த தற்காலிக விண்ணப்பத்தில் அந்தக் கோணம் விவரிக்கப்படவில்லை. அதனால் அந்தத் தேதி அவர்களுக்குக் கிடைக்காமல் போய், காப்புரிமையே செல்லாததாயிற்று. தேதியைப் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாகக் கட்டுரையை வெளியிட்டவருக்கு, பிடித்தது வெறுங்காற்று என்று மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வது? இதற்காகத்தான் குழுவும் தேடல் அறிக்கையும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் பையில் 22 பக்கக் கட்டுரை வரைவு இருந்தது. வரிசை, அளவுகள், ஒப்பீட்டுச் சோதனைகள் எல்லாம் அதில் இருந்தன. எனக்குத் தெரியும், புரட்டிப் பார்த்தேன். தற்காலிக விண்ணப்பத்துக்கு, எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கைகள்கூட எழுத வேண்டாம். அந்த வரைவை அப்படியே விவரக்குறிப்பாக வைத்து, சனிக்கிழமை உட்கார்ந்து படங்களைச் சரிபார்த்து, ஞாயிறு இரவுக்குள் இணையவழியில் அனுப்பியிருக்கலாம். அடுத்த 12 மாதத்தில் முழு விண்ணப்பம். ஒரு நாட்டில் பிடித்த தேதி, 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால், அந்த 12 மாதமும் மற்ற நாடுகளுக்கும் செல்லும். திங்கட்கிழமை காலை அவர் வெள்ளைத்தாள் இல்லாத போஸ்டரை மாட்டியிருப்பார்.

குழுவின் ஒப்புதல்? எங்கள் விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. அவசரமென்றால் பிரிவுத் தலைவரின் சம்மதத்தோடு தாக்கல் செய்துவிட்டு, குழுவுக்குப் பிறகு தெரிவிக்கலாம். அந்தப் பிரிவு எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயன்படுத்தியிருந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டில் உரையாற்றப் போவதற்கு முந்தைய நாள் கூப்பிட்டார். இரவு பதினொன்றரைக்குத் தாக்கல் எண் வாங்கிக் கொடுத்தேன். அவர் கேட்டார், செய்தேன். மாணவி கேட்கவில்லை. இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் நான்தானே?

வேண்டுமென்றே மறைத்தேன் என்று யாராவது சொன்னால் கடுமையாக மறுப்பேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவேயில்லை. பேராசிரியர் கூப்பிட்டபோது வந்த நினைவு, மாணவி எதிரில் நின்றபோது வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் குடைகிறது. அன்று நான் வாயே திறக்காமல், போஸ்டரை அப்படியே மாட்ட விட்டிருந்தால்? ஐரோப்பா போயிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதை ஓராண்டு வரை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்வதில்லை. அவர் வெளியிட்ட பிறகு வேறொருவர் அதையே வெளியிட்டாலும், அதுவும் கணக்கில் வராது. அது அதே விஷயம்தானா என்பதை மட்டும் கறாராகப் பார்ப்பார்கள். அதாவது, திறந்த போஸ்டர் அந்த ப்ரீப்ரின்ட்டுக்கு எதிராக ஒரு நாட்டிலாவது அவருக்கு அரணாக நின்றிருக்கக்கூடும். நான் ஒட்டச் சொன்ன தாள் எந்த நாட்டிலும் நிற்கவில்லை. போஸ்டர் மாட்டியிருந்தால் முதலில் சொன்னவர் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும்.

புதிய மாணவர்களுக்கு நடத்தும் வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்லும் இரண்டு கதைகள் உண்டு. கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் ஒற்றைநகல் (மோனோக்ளோனல்) எதிர்ப்பொருள்களை உருவாக்கும் முறையை வெளியிட்டார்கள். அதற்குக் காப்புரிமை பெறப்படவேயில்லை. கோயன், போயர் இருவரின் மரபணு ஒட்டு முறை 1973 நவம்பரில் கட்டுரையாக வந்தது. அமெரிக்காவில் ஓராண்டுக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது தாக்கல் செய்தார்கள்; வெளிநாட்டு உரிமைகள் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தன. இரண்டு கதைகளிலும் முந்திக்கொண்டது கட்டுரை. எங்களைப் போன்ற அலுவலகம் பொறுக்கச் சொன்னதால் இழந்தவர் கதை என் வகுப்பில் இல்லை. அதைச் சேர்க்க இரண்டு முறை உட்கார்ந்தேன். மாணவர்கள் அதைக் கேட்டுவிட்டு எங்களிடம் வராமலே போஸ்டரை மாட்டத் தொடங்கினால் என்ன செய்வது என்று நிறுத்திவிட்டேன். இது நிஜமான காரணமா, சாக்கா என்று எனக்கே தெளிவில்லை.

அதன் பிறகு யார் வந்து நின்றாலும் அந்த அவசரத் தாக்கல் விதியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லத் தொடங்கிய இரண்டாம் ஆண்டே, வார இறுதியில் அவசரமாகத் தாக்கல் செய்த ஒன்று தேறாமல் போயிற்று. முக்கியமான வெப்பநிலை வரம்பு வரைவிலேயே இல்லை, நானும் கவனிக்கவில்லை. அந்த ஆய்வாளர் அதை நம்பி மறுநாளே கட்டுரையை அனுப்பியிருந்தார். அன்றிரவு, பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

மாணவியின் விண்ணப்பத்தை ப்ரீப்ரின்ட் வந்த பதினொன்றாம் நாள் தாக்கல் செய்தோம். அந்தப் பதினொரு நாளில் அவர் இரவு பகலாக இன்னும் சில சோதனைகள் செய்து, வரிசையோடு கரைசலின் அமிலநிலையையும் சேர்த்துக் கோரிக்கையைக் குறுக்க வழி செய்து கொடுத்தார். வரிசை மட்டும் என்ற கோரிக்கையைக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஒரே பத்தியில் தள்ளிவிட்டார். குறுக்கியது நிற்கிறது. அதை யாரும் உரிமம் கேட்டு வரவில்லை.

மறு ஆண்டு அவருடைய ஆய்வேடு எங்கள் பிரிவுக்கு வந்தது. ஆய்வேடுகளும் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும்; ஜெர்மானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் அட்டவணையிடப்பட்ட ஒரு ஆய்வேடே ஒரு காப்புரிமையைத் தடுத்துவிட்டது என்று 1986இல் வந்த தீர்ப்பு இருக்கிறது. நான்காம் இயலைத் திறந்தேன். இந்தச் சேர்ப்பு வரிசையை முதலில் வெளியிட்டவர்கள் என்று அந்த வேற்றுக் கண்டத்துக் குழுவின் பெயரை முதல் வரியிலேயே போட்டிருந்தார். அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் அதே சோதனை அவர்கள் வெளியிடுவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முந்தைய தேதியில் இருக்கிறது. விண்ணப்பக் கோப்பில் அந்தப் பக்கத்தின் நகலை நான் பார்த்திருக்கிறேன். அடிக்குறிப்பிலாவது அந்தத் தேதியைச் சொல்லியிருக்கிறாரா என்று இயல் முழுதும் தேடினேன். இல்லை.

படிவத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரே வரிதான்: வெளியிடத் தடையில்லை. கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, திருப்பி அனுப்பினேன்.