மா மூட்டையில் மின்னுவது எலி மூத்திரமா?

புற ஊதா விளக்கில் மா மூட்டை மின்னினால் எலி மூத்திரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளக்கு காட்டுவது சந்தேகப்பட வேண்டிய இடத்தை மட்டுமே. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் ஊர்களில் அடுத்த சோதனையும் ஏமாற்றக்கூடும்.

முதலில் விளக்கு. 365 நானோமீற்றர் அலைநீளப் புற ஊதா விளக்கும் நல்ல இருட்டறையும் வேண்டும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது விடுங்கள். காய்ந்த மூத்திரம் நீலவெள்ளையாக மின்னும், பழசானால் மஞ்சள் கலக்கும். எலி ஓடிக்கொண்டே சொட்டுவதால் கறை பெரும்பாலும் நீண்ட துளிகளாக வரிசையில் விழும். சணல் சாக்கில் ஏறியிருக்கும் எண்ணெய், பசை, சலவைத்தூள் எல்லாமே மின்னும். வெள்ளைக் கடதாசிப் பையில் வெண்மையூட்டி இருந்தால் பை முழுவதும் நீலமாக எரியும், கறை அதற்குள் மறைந்துபோகும்.

அடுத்தது, மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைத் தேடும் சோதனை. யூரியேஸ் நொதியிலும், காரம் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாகும் புரோமோதைமோல் நீலம் என்ற சாயத்திலும் நனைத்து உலர்த்திய வடிதாள் இதற்கு வேண்டும். கறையைக் காய்ச்சி வடித்த நீரால் இலேசாக ஈரமாக்கி, தாளை வைத்து, மேலே கண்ணாடித் துண்டால் அழுத்துங்கள். நொதி யூரியாவை உடைக்கும்போது அமோனியா வரும், மஞ்சள் தாளில் நீலப் புள்ளி விழும். வைத்த உடனேயே நீலமானால் நம்பாதீர்கள். சவர்க்காரம், சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றின் காரமே அப்படிக் காட்டும். அதனால் நொதி சேர்க்காத தாள் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், அதுவும் நீலமானால் காரம்தான் காரணம். கையுறை கட்டாயம், ஏனென்றால் வியர்வையிலும் யூரியா உண்டு.

இனி உரம். தேயிலைக்கு யூரியா போடுகிறோம். உரமூட்டை கிடந்த லொறியிலோ ஸ்டோரிலோ மாவை அடுக்கினால், சாக்கு முழுவதும் யூரியா காட்டும். யூரியாவோடு சேர்ந்து படிகமாகும் சாந்தைட்ரோல் என்ற இரசாயனத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் படிகம் பார்த்தாலும் அதே கதைதான், அதுவும் யூரியாவைத்தான் பிடிக்கிறது. ஆகவே அதே சாக்கில் மின்னாத இடத்திலும் தாளை வைத்துப் பாருங்கள். அங்கும் நீலம் வந்தால் உரத்தைச் சந்தேகியுங்கள். மின்னும் துளியில் மட்டும் நீலம், கூடவே எலி மயிரோ புழுக்கையோ கடித்த தடமோ இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அப்போதும் "பாலூட்டியின் மூத்திரம்" என்றே எழுதுங்கள். எலியா பூனையா என்று இந்தத் தாள் சொல்லாது. பல்லி எச்சத்தின் வெள்ளை யூரிக் அமிலம், அதற்குத் தாள் நீலமாகாது.

நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். நனைந்த சாக்கில் பக்டீரியாக்களே யூரியாவைத் தின்று தீர்த்துவிடும். துளி மின்னும், தாள் மாறாது. அதைச் "சுத்தம்" என்று எழுதுவது பெரிய தவறு.

எலிக்காய்ச்சல் பயத்துக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கிருமி உலர்ந்தால் தாங்காது. ஈரமான மூட்டையைத் தூக்கும் தொழிலாளியின் கைப் புண்தான் கவனிக்க வேண்டியது.

மாதிரியைக் கறையோடு வெட்டி, நிழலில் உலர்த்தி, கடதாசி உறையில் போடுங்கள். கறையில்லாத துண்டு வேறு உறையில். பொலித்தீனில் கட்டி அனுப்பினால் போய்ச் சேருமுன்பே வியர்த்து, கறை பரவிவிடும். வழக்குக்குப் போகும் மாதிரி என்றால் நீங்கள் வெட்டாதீர்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்தான் எடுக்க வேண்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குச் சொல்லி அனுப்புங்கள்.