மஞ்சள் நோட்டீசும் ஒரு தான செட்டில்மெண்டும்

2025 பிப்ரவரி 3, திங்கள்

மதியம் கம்பெனியில் இருக்கும்போது நூல் கடைக்காரர் போன் செய்தார். "அம்மிணி, உங்க வீட்டுக்காரர் மஞ்சள் நோட்டீஸ் விட்டுட்டாரு, தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினார். காகிதம் வெள்ளைதான், ஆனால் திருப்பூரில் ஐ.பி., அதாவது கோர்ட்டில் திவால் மனு, போட்டவனைப் பற்றி இன்னும் அப்படித்தான் பேசுகிறோம். கடன் கொடுத்தவர்கள் 19 பேர், மொத்தம் 64 லட்சம். பட்டியலை மூன்று தடவை படித்தேன், என் பெயர் இல்லை. மியூச்சுவலில், அதாவது இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட விவாகரத்து மனுவில், எனக்குத் தருவதாக எழுதிக் கொடுத்த 12 லட்சமும் இல்லை. அடுத்த மாதம் நாங்கள் இரண்டாவது முறை கோர்ட்டில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

பாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 5

வக்கீல் அக்காவைப் பார்த்தேன். நான் முதலில் கேட்டது, அவர் கடன் என் தலையில் விழுமா என்றுதான். "புருஷன் கடனுக்குப் பொண்டாட்டிங்கற காரணத்துக்காக மட்டும் யாரும் உன்னைப் பிடிக்க முடியாது கண்ணு. எங்கெல்லாம் கையெழுத்துப் போட்டே, அதை மட்டும் சொல்லு" என்றார்.

போட்டிருக்கிறேன். 2019-ல் பவர் டேபிள் வாங்கின மெஷின் லோனுக்கு நான்தான் ஜாமீன். பாக்கி 7 லட்சம் இருக்கிறது. அவர் திவாலானாலும் ஜாமீன்தாரர் தப்ப முடியாதாம், பேங்க் நேராக என்னிடமே வரலாம். கடனைக் கட்டச் சொல்லி கோர்ட்டில் டிக்ரி வாங்கினால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது, மிச்சத்தை எடுக்கலாம். என் 28,000-க்கு அது மாதம் 9,000 வருகிறது. பாப்பாவின் ஸ்கூல் பீஸும் வேன் காசும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே தொகை.

பிப்ரவரி 11, தைப்பூசம்

கம்பெனி லீவு. பீரோவைத் திறந்து எல்லாப் பத்திரத்தையும் தரையில் பரப்பினேன்.

4 சென்ட் மனைதான் என் ஒரே நிம்மதியாக இருந்தது. 2024 ஜனவரியில், நான் அம்மா வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம் ஆகியிருந்தபோது, பெரியவர்கள் பேசி அவர் என் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். மாவட்டங்களில் தனி ஆள் திவாலுக்கு இன்னமும் 1920-ஆம் வருஷச் சட்டம்தான். 2016-ல் வந்த புதுச் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பழைய சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி, திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் விலை வாங்காமல் கைமாற்றினதை, திவாலானவர் சொத்தைப் பொறுப்பேற்க கோர்ட் நியமிக்கும் ரிசீவர் ரத்து செய்யச் சொல்லலாம். எனக்கு எழுதிக் கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

பத்திரத்தில் அந்த வரியைத் தேடிப் படித்தேன். "என் மனைவி மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இருக்கிறது. 2021-ல் அந்த மனையை அவர் பெயரில் வாங்கும்போது என்னுடைய 9 பவுனை விற்றுத்தான் பணம் கொடுத்தேன். அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அன்று பதிவு ஆபீஸில் யாராவது ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கக் கூடாதா என்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 20

இன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். 12 லட்சத்தைத் தவணையில் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினால், திவால் கோர்ட்டில் அது இருபதாவது கடனாகப் போய் நிற்க வாய்ப்பு உண்டு. ஆனால் மாதாமாதம் ஜீவனாம்சம் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால், அவர் திவாலில் இருந்து விடுபட்டாலும் அந்தப் பொறுப்பு அவரை விடாது, அதே 1920 சட்டத்தின் 44-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. ஜீவனாம்ச மனு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் (BNSS) 144. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் ஜீவனாம்சப் பாக்கிக்குத்தான் முதல் உரிமை, சொத்தை ஈடு வாங்கின பேங்குக்குக் கூட அதற்கு அப்புறம்தான் என்று சொல்லியிருக்கிறது.

அதனால் மியூச்சுவலை இப்போதைக்கு நிறுத்துகிறோம். எனக்கும் பாப்பாவுக்கும் ஜீவனாம்ச மனு. ஜீவனாம்ச வழக்குகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020-ல் கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் அபிடவிட்டில் சொல்லியாக வேண்டும். அவர் அங்கே எழுதுவதும் திவால் மனுவில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சீக்கிரம் முடிச்சுட்டு நிம்மதியா இரு சாமி" என்கிறாள். அவள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 6

அரை நாள் லீவு போட்டு என் பேங்குக்குப் போனேன். 2021 ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றதும் கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. 11 பக்கம். ஏழாவது பக்கத்தில் நகைக்கடையில் இருந்து 3,10,000 வரவு. மறுநாளே அதே தொகை அவர் கணக்குக்குப் போயிருக்கிறது. இரண்டு வரிக்கும் அடியில் பென்சிலால் கோடு போட்டேன், கை நடுங்கியதில் கோடு வளைந்துவிட்டது. மனை சும்மா வந்ததில்லை என்று காட்ட இது போதுமா என்று கேட்டதற்கு, நகைக்கடை ரசீதும் கிடைத்தால் பலம் என்றார் அக்கா.

ரசீதைத் தேட வேண்டும். பாப்பாவின் பழைய ஸ்கூல் பையில் சில காகிதங்களைப் போட்ட ஞாபகம் இருக்கிறது. நாளைக்குப் பரணில் இருந்து இறக்கிப் பார்க்கிறேன்.